அடுப்படி வரை வந்த பெயர்

“டீச்சர், ஏழாம் தலைமுறை வைஃபைன்னு எல்லாரும் கொண்டாடுதாங்க. அதுல அப்படி என்னதான் இருக்கு?” என்று அருளானந்தம் கேட்டார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. டெலிபோன் கேபிள் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, வைஃபை பொருத்தும் வேலையை மெஹர்நிஷாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்தொன்று.

“ஒரே நேரத்துல ரெண்டு அலைவரிசையில போகும். இன்னைக்கு ஒரு வீட்டுல மாட்டணும். நீங்களே மாட்டுங்க அண்ணாச்சி,” என்றாள்.

தையல்காரர் பூதப்பாண்டியின் வீடு அது. அவருக்கும் மனைவி உலகம்மாளுக்கும் காது கேட்காது. பேச்செல்லாம் கைகளில்தான். புனேயில் இருக்கும் மகள் கோமதிக்கு நான்கு நாள் முன்பு குழந்தை பிறந்திருந்தது. மருமகன் புது ரூட்டரும் புதுப் போனும் வாங்கி அனுப்பியிருந்தான்.

அருளானந்தம் முன்னறையில், இரும்பு பீரோவை ஒட்டிய ஷோகேஸில் ரூட்டரை வைத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. வேகத்தை அளந்தார்.

“எண்ணூறு எம்பிபிஎஸ்! வேலை முடிஞ்சுது டீச்சர்.”

“கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் மெஹர்நிஷா.

கோமதியின் வீடியோ கால் வந்தது. குழந்தையின் முகம் பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று என்று அவள் கைகளால் சொன்னாள். பூதப்பாண்டியால் குரல் கொடுத்து மனைவியைக் கூப்பிட முடியாது. போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். உலகம்மாள் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

கோமதியின் விரல்கள் மோவாயைத் தொட்டன. படம் அப்படியே உறைந்தது.

கிழவர் போனை ஆட்டிப் பார்த்தார். உலகம்மாள் தன் மோவாயைத் தொட்டு, அதற்கப்புறம் என்ன என்று கணவனைக் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அருளானந்தத்தின் முகம் வாடிவிட்டது.

“ரெண்டு அலைவரிசையில சேர்ந்தே போகுமே டீச்சர். ஒண்ணு தடுமாறினா இன்னொண்ணு தாங்குமே!”

“பீரோ ரெண்டையும் மறைக்குது அண்ணாச்சி.”

அவர் ஷோகேஸிலிருந்து ரூட்டரை எடுத்துக்கொண்டார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். நடைச் சுவரின் உச்சியில், முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே, வியர்க்க விறுவிறுக்க ரூட்டரை மாட்டினார்.

கோமதி மறுபடி போனில் வந்தாள். மோவாயைத் தொட்ட விரல்கள் ஒரு மொட்டு அவிழ்வதுபோல விரிந்தன. அதுதான் பெயர். உலகம்மாள் அதைத் தன் விரல்களில் சொல்லிப் பார்த்தாள். பூதப்பாண்டியும் சொன்னார். மாவு அவள் மோவாயில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். அடுப்படிக்கும் முன்னறைக்குமாக இருவரும் நடந்துகொண்டே பேசினார்கள். படம் எங்கும் நிற்கவில்லை.

அருளானந்தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சின்னதாக ஒரு மனக்குறை.

“எவ்வளவு பெரிய டெக்னாலஜி டீச்சர்! ஒரு தடவகூட நம்மளத் திரும்பிப் பாக்கலையே ரெண்டு பேரும்.”

மெஹர்நிஷா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“அவங்க இப்ப வீட்டுல இல்லை அண்ணாச்சி. பிள்ளையப் பாக்கப் போயிருக்காங்க. வாங்க, நாம கதவைச் சாத்திட்டுப் போவோம்.”