வெயில் அத்தர்

மூக்குக்குப் பேர்போனவர் கவுஸ் மரைக்கார். தெருமுனையில் நின்றபடியே எந்த வீட்டில் இன்று மீன் குழம்பு, எந்த வீட்டில் வெறும் ரசம் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மூக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் அவரைக் கைவிட்டது. முழுசாகக் கைவிட்டிருந்தாலாவது டாக்டரிடம் போயிருக்கலாம். கருவாட்டு வாசம் வந்தது, காப்பி வாசம் வந்தது, பக்கத்துச் சாக்கடைகூட வஞ்சனையில்லாமல் வந்தது. ஒரே ஒரு வாசம்தான் வரவில்லை. எதைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷமாக அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாரோ, அந்த வாசம்.

அதற்கு வெயில் அத்தர் என்று பேர்.

கடலூருக்குத் தெற்கே, கடற்கரை மணலில் வெட்டிவேர் விளைகிற ஊரில், பல்கீஸ் என்கிற பெண்மணி அதை வடிக்கிறார். நாற்பது வயதுதான். ஆனாலும் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் ஊர் அவரை உஸ்தாபி என்று கூப்பிடும். வேரைச் செப்பு அண்டாவில் வேகவைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குவார். கோடை மூன்று மாதம் மட்டும்தான் இந்த வேலை. சட்டையில் ஒரு சொட்டு வைத்தால் வைத்ததே தெரியாது, அவ்வளவு லேசு. ஆனால் பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவார்.

கவுஸ் மரைக்காரும் அப்படி மாட்டியவர்தான்.

பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் சீட்டு எழுதி ஓய்வு பெற்ற மனுஷர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் யாரோ கைக்குட்டையை உதறி முகம் துடைத்தார்கள். அவ்வளவுதான். எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

கண்ணெதிரே இலியாஸ் நின்றான்.

இலியாஸ் அவருடைய ஒரே மகன். ஆறு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அது நடந்து இப்போது இருபத்தாறு வருஷம். கோடையானால் வீட்டு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். பயல் ஓடிவந்து அந்த ஈரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பான். நிமிர்ந்தால் கன்னத்தில் வேர் வரி வரியாகப் பதிந்திருக்கும். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே கவுஸ் மரைக்கார் தட்டியை அறுத்தெறிந்தார். அப்புறம் அந்த வீட்டுக்குள் ஒரு துண்டு வேர் வந்ததில்லை, அவன் பேரும் வந்ததில்லை. போட்டோ ஒன்றும் கிடையாது. வருஷம் போகப் போக, பெற்ற பிள்ளையின் முகம் அவருக்கு மறந்தே போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பெண்டாட்டி ஹாஜிராவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த முகம் கல்யாணப் பந்தியில் வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றது. போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே விசாரித்துக்கொண்டு உஸ்தாபி வாசலில் போய் நின்றார்.

“இதை எனக்குக் கத்துக்கொடுங்க உஸ்தாபி.”

“என் கூடப்பிறந்த மூத்த நானாவைவிடப் பெரியவங்க நீங்க. வேர் அலசணும், புகையில நிக்கணும். முடியுமா நானா?”

“முடியும்.”

“எதுக்குக் கத்துக்கிறீங்க?”

“சும்மாத்தான்.”

உஸ்தாபி ஒரு கட்டு வேரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

முதல் கோடையில் அண்டாவைத் திறக்கும்போதெல்லாம் முகம் வந்தது. கவுஸ் மரைக்கார் புகையைச் சாக்கு வைத்து அழுது தீர்த்தார். இரண்டாம் கோடையில் மங்கலாக வந்தது. மூன்றாம் கோடையில் முகமும் இல்லை, வாசமும் இல்லை.

உஸ்தாபியிடம் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. ஒவ்வொரு வடிப்பும் இறங்கியதும், முக்காட்டு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கூடையோடு சந்தைக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து “ஆச்சு” என்பார், இல்லாவிட்டால் “இன்னும் ஒரு நாள் வேகட்டும்” என்பார். கூடையில் கத்திரிக்காய் இருக்கும். அதில் பாதி சொத்தை. இவ்வளவு பெரிய உஸ்தாபிக்கு ஒரு கத்திரிக்காய் பார்த்து வாங்கத் தெரியவில்லையே என்று, நறுக்கிக் கொடுக்கும்போதெல்லாம் கவுஸ் மரைக்கார் உள்ளுக்குள் சலித்துக்கொள்வார்.

அந்த மூன்றாம் கோடையின் சித்திரையில் முதல் வடிப்பை அவர் மணிக்கட்டில் தொட்டு வைத்து உஸ்தாபி கேட்டார், “எப்படி நானா?”

“பிரமாதம்,” என்றார்.

பச்சைப் பொய். பச்சைத் தண்ணீரைத் தொட்டு வைத்த மாதிரிதான் இருந்தது. அடுத்த வடிப்புக்கும் பிரமாதம் என்றார். அதற்கடுத்ததற்கும் அதையே சொன்னார். ஒரு மாதம் இப்படி ஓட்டினார். நாலாவது தடவை முடியவில்லை.

“உஸ்தாபி, எனக்கு வாசம் வரல. ஒரு மாசமா வரல.”

“தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல.”

கவுஸ் மரைக்காருக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இலியாஸ், ஈரத் தட்டி, கன்னத்து வரி, மறந்துபோன முகம், கல்யாணப் பந்தி, ஒன்று விடவில்லை.

“அந்த முகத்துக்காகத்தான் வந்தேன். வாசம் வராட்டி முகம் வராது. முகம் வராட்டி எனக்கு இங்க என்ன வேலை? நான் போய்டறேன் உஸ்தாபி.”

உஸ்தாபி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

“தினமும் கிளம்புறதுக்கு முந்தி பம்படியில குளிக்கிறீங்களே, அது எதுக்கு?”

“ஹாஜிராவுக்காக. என் மேல வேர் வாசம் இருந்தா அவ தாங்கமாட்டா. தைலக் கடையில கூடமாட உதவியா இருக்கேன்னுதான் சொல்லிவச்சிருக்கேன். சோப்புப் போட்டுத் தேய்ச்சு, வேற சட்டை மாத்திக்கிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவேன்.”

“மூணு வருஷமாவா?”

“மூணு வருஷமா.”

உஸ்தாபி எழுந்து பம்படிக்குப் போனார். கவுஸ் மரைக்கார் குளிக்க நிரப்பி வைத்திருந்த வாளியை முருங்கை மரத்துக்குக் கவிழ்த்தார். சோப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கொடியில் கிடந்த மாற்றுச் சட்டையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இப்படியே வீட்டுக்குப் போங்க.”

“ஐயோ உஸ்தாபி! அவளுக்கு நெஞ்சு வெடிச்சிடும்.”

“வாசம் வரலன்னு சொன்னீங்கல்ல? போங்க.”

ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்தார் கவுஸ் மரைக்கார். மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் மூக்குக்கு டீசலும் மீனும்தான் எட்டின. பக்கத்தில் மீன்கூடைக்காரம்மா ஒருத்தி, எதிரில் இருந்தவரோடு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். ‘அவன் கிடக்கான்’ என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“யாரு மேலேர்ந்துங்க இந்த வாசம்?” என்றாள்.

கவுஸ் மரைக்கார் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க அப்பன் வீட்டுல கிணறு தோண்டினாங்க. பதினெட்டு நாள் வெறும் மண்ணு. பத்தொன்பதாம் நாள் கீழேர்ந்து ஈரமா ஒரு வாளி மேல வந்துச்சு. எங்க அம்மா அந்த மண்ணை அள்ளி அள்ளி மோந்துச்சு. அப்படியே அந்த வாசம்.”

ஓட்டுகிறவர் திரும்பாமலே சொன்னார், “எனக்கு வேற மாதிரி இருக்கும்மா. கடைசிப் பரீட்சை எழுதிட்டு வெளியில வந்தோம்னா ஒரு மத்தியானம் இருக்கும் பாருங்க, ஒண்ணுமே செய்ய வேணாம்னு. அது.”

நடுவில் உட்கார்ந்திருந்த கவுஸ் மரைக்கார் சட்டைக் கழுத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். தன் மேல்தான் இருக்கிறது, ஊரே அதை அனுபவிக்கிறது, தனக்கு மட்டும் டீசல். இது என்னடா சோதனை என்று நினைத்தார். பயமாகவும் இருந்தது.

வீட்டுக்குள் ஹாஜிரா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கவுஸ் மரைக்கார் வாசலிலேயே நின்றார். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

“ஏன் அங்கேயே நிக்கிறீங்க? இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கீங்க, உடம்புக்கு என்ன?” என்று எழுந்து வந்தாள். நாலடி இருக்கும்போதே நின்றுவிட்டாள்.

“குளிச்சிட்டு வந்திடறேன்,” என்று நழுவப் பார்த்தார்.

“நில்லுங்க.”

சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தோளில் மூக்கை வைத்தாள். கவுஸ் மரைக்கார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, யா அல்லாஹ், இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மனசுக்குள் மன்றாடினார்.

“முகத்தைத் துடைக்காம ஓடுறான் பாருங்க,” என்றாள் ஹாஜிரா.

“யாரு?”

“யாரா? இலியாஸ்தான்.”

அவர் கண்ணைத் திறந்தார். அவள் அழவில்லை. அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடது கன்னத்துல மட்டும்தான் வரி ஆழமா விழும். ஒருக்களிச்சுத்தான் புதைப்பான் அவன். வலது புருவத்துல பாதி முடி கிடையாது, அம்மி மேல விழுந்தான்ல, அதுலேர்ந்து. காது உங்க காது. முன்பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சு, கடைசிவரைக்கும் விழவே இல்ல. சிரிக்கும்போது நாக்கால அதைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான்.”

அவள் சொல்லச் சொல்ல முகம் வந்தது. முதலில் கன்னம் வந்தது, அப்புறம் புருவம், அப்புறம் அந்தப் பல். கல்யாண வீட்டில் வந்ததுபோல ஓடி மறையவில்லை. நின்றது. சிரித்தது. கவுஸ் மரைக்கார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா ஹாஜிரா?”

“எப்ப மறந்தேன்? நீங்க தட்டியை அறுத்தீங்க. பேரைச் சொன்னா உங்களுக்குத் தாங்காதுன்னு நான் வாயைக் கட்டிக்கிட்டேன்.”

“உனக்குத் தாங்காதுன்னுல்ல நான்...”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மூணு வருஷமா கோடையானா, தினமும் சாயங்காலம் குளிச்சு முழுகி வந்து நிக்கிறீங்க,” என்றாள். “இந்த வயசுல எவளோ ஒருத்தி கிடைச்சிட்டாள்னு நினைச்சிட்டிருந்தேன்.”

கவுஸ் மரைக்கார் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகியது.

“நாளைக்கு வரும்போது ஒரு கட்டு வேர் கொண்டாங்க. ஜன்னல் வெறிச்சுன்னு கிடக்கு,” என்றாள் ஹாஜிரா.

மறுநாள் காலை அவர் போனபோது உஸ்தாபி புது வடிப்பை இறக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“வாசம் வந்துச்சா நானா?”

“வரல.”

“வேற?”

“முகம் வந்துச்சு. முழுசா வந்துச்சு, ஆடுற பல்லோட. ராத்திரி தூங்கி காலையில எழுந்திரிச்சேன், அப்பவும் இருக்கு. அவகிட்டதான் இருந்திருக்கு உஸ்தாபி. இருபத்தாறு வருஷமா ஒரே கூரைக்குக் கீழே.”

உஸ்தாபி எண்ணெயைத் துணியில் வடிகட்டி முடித்தார்.

“அப்ப, எனக்கு இனிமே இந்த வாசம் வரவே வராதா?” என்று கேட்டார் கவுஸ் மரைக்கார்.

“வராது. தினமும் இதுலயே கிடக்கிறவங்களுக்கு வராது. எனக்கே வாசம் வந்து பதினோரு வருஷமாச்சு.”

கவுஸ் மரைக்கார் ஆடிப்போனார்.

“உங்களுக்கும் வராதா? அப்ப ஒவ்வொரு வடிப்பும் ஆச்சு, ஆகலன்னு எதை வச்சுச் சொல்றீங்க?”

உஸ்தாபி ஒரு குச்சியில் புது அத்தரைத் தொட்டு அவர் சட்டைக் கழுத்தில் வைத்தார். சந்தைக் கூடையை எடுத்து அவர் கையில் மாட்டினார்.

“அரைக் கிலோ கத்திரிக்காய். போய்ட்டு வந்து நீங்க சொல்லுங்க, ஆச்சா இல்லையான்னு.”

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கூடை தன் கைக்கு வந்திருக்கிறது. கவுஸ் மரைக்கார் படபடப்போடு படி இறங்கினார். வாசல் தாண்டும்போது பழைய மனக்குறை ஞாபகம் வந்து, திரும்பி உற்சாகமாகச் சொன்னார்.

“சொத்தை ஒண்ணுகூட இல்லாம, ஒவ்வொண்ணா பார்த்து வாங்கிட்டு வர்றேன் உஸ்தாபி.”

“கத்திரிக்காயையா பார்ப்பீங்க?” என்றார் உஸ்தாபி. “விக்கிறவ முகத்தைப் பாருங்க நானா.”