மீன்தொட்டிக்குப் போன பிரேக்

மலைமேல் டீ எஸ்டேட் முதலாளி மகுடபதிக்கு ஒரு பழைய கார், ஒரு கண்ணாடி மீன்தொட்டி, ஒரு டிரைவர். டிரைவர் பெயர் இஞ்ஞாசி. ஒருநாள் பிரேக் மிதி கல்லாய் இறுகி, கார் கேட்டில் போய் மோதியது.

"குடிச்சிட்டு ஓட்டினியாடா?" என்று எஸ்டேட்டே கூடி நிற்கக் கத்தினார் முதலாளி.

இஞ்ஞாசி பானெட்டைத் திறந்தான். இன்ஜின் காற்றை உறிஞ்சினால்தான் பிரேக் மிதி இளகும். அப்படி உறிஞ்சுகிற வேக்குவம் குழாயைக் காணோம். அது செருகியிருந்த ஓட்டையில் ஜரிகை வேட்டிக் கிழிசல் அடைத்திருந்தது. ஜரிகை வேட்டி கட்டுகிறவர் அங்கே ஒருவர்தான். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"வேக்குவம் குழாயைக் காணோம், மொதலாளி."

"வெறும் காத்துக் குழாய்! அதுக்கும் பிரேக்குக்கும் என்னடா சம்பந்தம்? சாயங்காலத்துக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணு."

"நீங்க சொன்னா சரிதான் மொதலாளி. ஏறி உக்காருங்க. அது இல்லாமலே அடிவாரம் வரைக்கும் ஓட்டிக் காட்டிட்டுப் போயிடறேன்."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் முதலாளி ஏறினார். கார் இறக்கத்தில் மூக்கை நீட்டியதுதான் தாமதம், "நிறுத்துடா! மீனுக்குக் காத்து விட நான்தான் கழட்டினேன்! தொட்டியில இருக்குடா!" என்று அலறினார். இஞ்ஞாசி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். எஸ்டேட்டே சிரித்தது.

அன்றே குழாய் காருக்குத் திரும்பியது. விடிவதற்குள் மீன்கள் செத்து மிதந்தன.

"என் மீனைக் கொன்னவன் இவன்தான்" என்று முதலாளி இஞ்ஞாசியைப் பெண்டாட்டி பிள்ளை, சட்டிபானையோடு அதே காரில் ஏற்றி அனுப்பினார். புது டிரைவர் ஓட்டினான். இறக்கம் முழுக்க பிரேக் அருமையாகப் பிடித்தது.