ஏழாம் கட்டில்

"இந்த வார்டுல என்னை யாரும் நம்பலை. வேற வார்டுக்கு மாத்துங்க, இல்லாட்டி வேலையையே விட்டுடறேன்."

அமிர்தவல்லி கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். எதிரே இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் ரெபேக்காவோ அவளைவிட ஆறு வயது சின்னவள். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் வார்டே அந்த மேஜைக்குத்தான் வரும்.

"யார் நம்பலை?"

"எல்லாரும்தான். ஏழாம் கட்டில் பெரியவர் என் டியூட்டியில இறந்து நாப்பது நாளாச்சு. அன்னையிலிருந்து ஒரு நாள்கூட அந்தக் கட்டிலை எனக்குக் கொடுக்கலை. என் கைராசி அவ்வளவு மோசமா? காலையில யூனிஃபாரம் போடவே பிடிக்கலை, சிஸ்டர்."



ரெபேக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். யாருக்கு எந்தக் கட்டில் என்று அவள் தினமும் எழுதிவைப்பது அதில்தான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வார்டு போர்டில் எழுதுவார்கள்.

"படிங்க."

ஏழாம் கட்டில், அமிர்தவல்லி. ரெபேக்காவின் கையெழுத்து. அதை யாரோ அடித்துவிட்டு, பக்கத்தில் ஜெசிந்தா என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாளும் அமிர்தவல்லி. அடித்து, நிஷாபானு.

அப்புறம் குமுதா. மறுபடி ஜெசிந்தா. மூன்று பேரும் அதே வார்டின் இளம் நர்ஸுகள். புரட்டிய பக்கமெல்லாம் இதே கூத்து.

"உங்க பயம் தெளியட்டும்னு நான் எழுதறேன், அவங்க அடிக்கறாங்க. என் நோட்டுல கை வைக்காதீங்கன்னு தினம் திட்டறேன். வாங்கிக்கறாங்களே தவிர, விடறதா இல்லை."

"பார்த்தீங்களா? நான் சொன்னது சரிதானே?"

"முதல் நாள் பக்கத்தோட ஓரத்தைப் பாருங்க."

ஜெசிந்தாவின் பொடி எழுத்து.

'அந்தக் கட்டில் பக்கம் போனாலே அக்காவுக்குக் கை நடுங்குது. கொஞ்ச நாள் நாங்க பார்த்துக்கறோம். அக்காகிட்ட சொல்ல வேண்டாம், சிஸ்டர்.'

அமிர்தவல்லி மூன்று தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள். இந்தப் பிள்ளைகளையா இத்தனை நாளாக மனசுக்குள் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமாக இருந்தது.

"கடிதத்தை என்ன பண்ணட்டும்?" என்றாள் ரெபேக்கா.

பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. அமிர்தவல்லி வார்டுக்குள் போய்விட்டாள்.

மருந்து தள்ளுவண்டியைச் சுற்றி மூவரும் நின்றிருந்தார்கள்.

"நாளைக்கு ஏழாம் கட்டில் எனக்கு. எவளாவது என் பேரை அடிச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள்.

ஜெசிந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கை நடுங்குமே அக்கா?"

"நடுங்கினா நடுங்கட்டும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே."