பேரம்பலக் கரடியும் இரண்டு விரல் புல்லும்

ஒரு காட்டில் மரங்களெல்லாம் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்று, நடுவில் ஓர் இடத்தை வெயிலுக்கு விட்டுக்கொடுத்திருந்தன. அந்த இடம் முழுவதும் அருகம்புல். உட்கார்ந்தால் குத்தாது, ஓடினால் வழுக்காது, விழுந்தாலும் அடிபடாது. குழந்தைகளே, இப்படி ஒரு தரை உங்களுக்குக் கிடைத்தால் பள்ளிக்கூடம் இருக்கும் திசையையே மறந்துவிடுவீர்கள்.

அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரர் பேரம்பலம் என்ற கரடி. நல்லவர்தான். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் பேரம் பேசாமல் விடமாட்டார்.

"நாளைக்கு மழை வரும்" என்று தவளை சொன்னால், "நாளைக்கா? இன்னைக்குச் சாயங்காலமே வரச் சொல்லு" என்பார். ஒரு முறை வயிற்று வலிக்கு ஆந்தை வைத்தியர் கசப்புக் கஷாயம் கொடுத்தார். "ரெண்டு மடக்கு போதும்" என்றார். "ரெண்டுதானா? என்ன வைத்தியரே, இவ்வளவு கஞ்சத்தனம்! ஆறு மடக்கு குடுங்க!" என்று சண்டை போட்டு வாங்கிக் குடித்தார் பேரம்பலம். அன்று முழுவதும் அவர் புதருக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. ஆனாலும் பேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்று புதருக்குள்ளிருந்தே சிரித்தார்.

புல்வெளியின் ஓரத்தில் செவந்தி என்ற முயல் தன் நான்கு குட்டிகளோடு குடியிருந்தாள். புல்லை வெட்டி அளவாக வைத்திருப்பது அவள் வேலை. வெட்டிய புல்தான் கூலி. பல்லால் வெட்டுவதும் முயல்கள், வெட்டியதைத் தின்பதும் முயல்கள். காலையிலும் மாலையிலும் அந்தக் குடும்பம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொறித்துக்கொண்டே போகும். புல் எப்போதும் கரடியின் விரலால் இரண்டு விரல் உயரம் இருக்கும். அதற்கு மேலும் போகாது, கீழும் போகாது.

கரடியின் மகள் மைவிழியைப் பெண் பார்க்க மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. அது நல்ல வெயில் காலம். பேரம்பலம் புல்வெளியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

"செவந்தி! புல்லை என்ன உயரம் வச்சிருக்கே?"

"ரெண்டு விரலுங்க ஐயா."

"ரெண்டா! இதென்ன கொள்ளை! ஒண்ணரையாக்கு."

"உங்க விரலாலதாங்க ரெண்டு."

"என் விரலா? என் விரல் எவ்வளவு தடி பார்த்தியா? அப்போ இன்னும் அநியாயம். ஒண்ணாக்கு."

"அவ்வளவு கீழே போனா பச்சை இருக்காதுங்க. வெறும் தண்டுதான் மிஞ்சும்."

"அரை. இதுதான் என் கடைசிப் பேச்சு."

செவந்தி தலையை ஆட்டினாள். "வெயில் கொளுத்துதுங்க. வேர் காஞ்சுடும். ரெண்டுக்குக் கீழே என் பல்லு இறங்காதுங்க."

கரடிக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுவரை அவரிடம் யாரும் ஒரு துளிகூடக் குறைக்காமல் நின்றதில்லை. "அப்போ நான் வேற இடம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று காதைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தார்.

செவந்தி கூப்பிடவில்லை.

ஆனால் புதருக்குப் பின்னாலிருந்து வேறொருவன் கூப்பிட்டான். அவன் தோண்டிமுத்து என்ற காட்டுப்பன்றி. எதைக் கேட்டாலும் 'சரி' என்பான்; 'முடியாது' என்ற சொல் அவன் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. வேர், கிழங்கு எது கிடைத்தாலும் தோண்டித் தின்பான்.

"என்கிட்ட கேட்டுப் பாருங்க ஐயா" என்றான்.

"ஒரு விரல் உயரம். முடியுமா?"

"சரிங்க."

"அரை?"

"சரிங்க."

பேரம்பலத்துக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. "ஒண்ணுமே விடக்கூடாதுன்னா?"

"சரிங்க."

"மண்ணுக்குக் கீழேயும் போகணும். நாலு விரல் ஆழம்!"

"சரிங்க. நம்ம பழக்கத்துக்காகக் கொசுறா இன்னும் ரெண்டு விரல் தோண்டித் தர்றேன்."

கொசுறு என்ற சொல்லைக் கேட்டதும் பேரம்பலத்தின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வேலை பன்றியின் கைக்குப் போனது. புல்வெளியை விட்டுப் போகும்படி முயல் குடும்பத்துக்கு உத்தரவானது.

செவந்தி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்த முட்புதருக்குப் போனாள். அங்கே காய்ந்த சருகைத் தவிர ஒன்றுமில்லை. "அம்மா, இங்கே எதைச் சாப்பிடறது?" என்று கடைக்குட்டி கேட்டது. "இன்னைக்குச் சருகு சாப்பிடு கண்ணு. மொறுமொறுன்னு இருக்கும்" என்றாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு காதையும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கீழே தோண்டிமுத்து வேலையைத் தொடங்கினான். மூக்கை மண்ணில் வைத்தான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை உழுதுகொண்டே போனான். கிடைத்த வேரையெல்லாம் தின்றான். கொசுறையும் ஒழுங்காகத் தோண்டினான். அதில் அவன் நாணயமானவன், குறை சொல்ல முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உட்காரப் புல் இல்லை. மாப்பிள்ளைக் கரடி நான்கு எட்டு நடந்து வந்து குழிக்குள் விழுந்தார். அவரைத் தூக்கப் போன சித்தப்பா அடுத்த குழிக்குள் விழுந்தார். பலமாக ஒரு காற்று அடித்தது. புழுதி கிளம்பியதில் யார் மாப்பிள்ளை, யார் மாமியார் என்றே தெரியவில்லை. மைவிழி வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, மாப்பிள்ளை என்று நினைத்து ஒரு பாறைக்கு வணக்கம் சொன்னாள்.

மாப்பிள்ளையின் தாயார் தும்மிக்கொண்டே எழுந்தார். "பொண்ணு பிடிச்சிருக்கு சம்பந்தி. தரைதான் பிடிக்கலை. மழை பெய்ஞ்சு புல்லு வளரட்டும். அப்புறம் வர்றோம்."

"முழுக் கல்யாணம் வேணாம். பாதியாவது பேசி முடிச்சுட்டுப் போலாமே" என்றார் பேரம்பலம்.

அவர்கள் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தோண்டிமுத்துவும் தின்ன வேறு வேர் இல்லாததால் வேறு பக்கம் போய்விட்டான்.

பிறகு மழை பெய்தது. அருகம்புல்லை அவ்வளவு லேசில் ஒழிக்க முடியாது. மண்ணுக்குள் ஒரு துண்டு வேர் கிடந்தாலும் எழுந்து வந்துவிடும். இங்கே ஒரு பச்சை, அங்கே ஒரு பச்சை என்று முளைத்து, கொடியாக ஓடி, குழிகளை மூடிப் புல்வெளி பழையபடி நிறைந்தது. ஆனால் இந்த முறை பேரம்பலம் பயந்துபோய் யாரையும் அதில் வாய் வைக்க விடவில்லை. புல் ஒரு சாண் வளர்ந்தது. அதற்கு மேலும் வளர்ந்து, நிற்க முடியாமல் சாய்ந்து, நடந்தவர் காலையெல்லாம் சுற்றிக்கொண்டது. பேரம்பலமே இரண்டு முறை தடுக்கி விழுந்தார்.

வரும் பௌர்ணமிக்கு வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி செய்தி வந்தது.

செவந்தி மேட்டிலிருந்து இறங்கி வந்து, யாரும் இல்லாத நேரத்தில் புல்லை விலக்கிப் பார்த்தாள். மேலேதான் பச்சை இருந்தது. உள்ளே தேங்காய் நார் மாதிரி வெளுத்த தண்டுகள் நின்றன. 'இதை ஒரே நாளில் இரண்டு விரலுக்கு வெட்டினால் நார்தான் மிஞ்சும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் அடியில் புது இலை விடும்' என்று நினைத்துக்கொண்டாள். 'ஆனால் இதை நான் சொன்னால் கரடியார் கேட்பாரா? இரண்டு என்றால் ஒன்று என்பார். ஒன்று என்றால் அரை என்பார். வைத்தியர் குறைவாகக் கொடுத்த கஷாயத்தை மட்டும்தான் ஏற்றிக் கேட்டார்…'

கஷாயம் என்றதும் அவள் காது இரண்டும் நேராக நின்றுவிட்டன.

நேரே பேரம்பலத்திடம் போனாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, புல் வெட்டற வேலையை எனக்கே குடுங்க. ஆனா ஒண்ணு, ஒரு இழை விடமாட்டேன். எல்லாத்தையும் வேரோட தின்னுடுவோம். இஷ்டம்னா சொல்லுங்க."

பேரம்பலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமே விடமாட்டியா? என்னம்மா இது அநியாயம்! கொஞ்சம் விடு!"

"உங்க முகத்துக்காக அரை விரல் விடறேன்."

"அரையா? கல்யாண வீடும்மா! மூணு விரல் விடு!"

"மூணா? என் வயித்துல அடிக்காதீங்க! நீங்க விடச் சொல்ற ஒவ்வொரு விரலும் என் குட்டிங்க வாயிலேருந்து போறதுங்க. ஒண்ணு."

"ரெண்டரை."

"ஒண்ணரை. அதுவே எனக்குக் கட்டுப்படியாகாது."

"ரெண்டேகால்!"

"அப்போ வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு செவந்தி திரும்பி நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். முயல் காதைப் பின்பக்கம் திருப்புவது மிகவும் சுலபம்.

"ஏ செவந்தி! வா, வா. இப்படிக் கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படி? உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ரெண்டு விரல் விடு!"

செவந்தி பெருமூச்சு விட்டாள். "என்னமோ போங்க. ரெண்டு. வெட்டறதை இன்னைக்கே ஒரே மூச்சுல முடிச்சுட்டுப் போயிடறேன்."

"இன்னைக்கேயா?" பேரம்பலம் கண்ணைச் சுருக்கினார். "ஒரு நாள்ல தின்னுட்டு ஓடிடலாம்னு பார்க்கறியா? அதெல்லாம் நடக்காது. தினமும் வந்து வேலை செய்யணும்!"

"தினமும் எப்படிங்க முடியும்? வேணும்னா ரெண்டு நாள் வர்றேன்."

"பௌர்ணமி வரைக்கும் வரணும்! தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்!"

"ஐயோ!"

"கல்யாணம் முடிஞ்ச அப்புறமும் வரணும்! காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை!"

"அவ்வளவு தூரத்துலேருந்து குட்டிங்களை இழுத்துக்கிட்டு ரெண்டு வேளையும் எப்படிங்க வர்றது?" என்று செவந்தி அழாத குறையாகக் கேட்டாள்.

"நடந்து வந்து நேரத்தை வீணாக்க விடுவேனா? இங்கேயே பழைய வளையில வந்து தங்கு! இதுதான் என் கடைசிப் பேச்சு!"

செவந்தி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "உங்ககிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று முனகியபடி மேடு ஏறினாள். முட்புதருக்குப் பின்னால் போனதும் குதித்தாள் பாருங்கள், கடைக்குட்டி பயந்து போய் அம்மாவை ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்தது.

அன்றே எல்லோரும் பழைய வளைக்குக் குடி வந்தார்கள். முதல் நாள் நுனியை மட்டும் கொறித்தார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். வெளிச்சம் உள்ளே இறங்க இறங்க, வெளுத்த தண்டுகளின் அடியில் குட்டிக் குட்டி இலைகள் விட்டன. நார் மாதிரி இருந்தது மெல்ல மெல்லப் பச்சையானது. பௌர்ணமி அன்று புல்வெளி இரண்டு விரல் உயரத்தில், விரித்து வைத்த ஜமுக்காளம் மாதிரி கிடந்தது.

மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள், பிறகு படுத்தார்கள், பிறகு உருண்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் மூன்று முறை உருண்டுவிட்டு, "தரையும் பிடிச்சிருக்கு சம்பந்தி" என்றார். மைவிழி இந்த முறை சரியான ஆளுக்கு வணக்கம் சொன்னாள். கல்யாணம் அங்கேயே நிச்சயமானது.

தேன் விருந்து வாசனை பிடித்து எங்கிருந்தோ தோண்டிமுத்து வந்து சேர்ந்தான். "ஐயா, இந்தத் தடவை எட்டு விரல் ஆழம் தோண்டறேன். கொசுறு தனி" என்றான்.

"போடா அந்தப் பக்கம்!" என்றார் பேரம்பலம். மார்பை நிமிர்த்திக்கொண்டு சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "இந்த முயல் இருக்காளே, ஒரு இழைகூட விடமாட்டேன்னுதான் வந்து நின்னா. நான் விட்டேனா? பேசிப் பேசி ரெண்டு விரலுக்கு ஏத்தினேன். இல்லையா செவந்தி?"

செவந்தியின் வாய் நிறையப் புல் இருந்தது. பக்கத்தில் நான்கு குட்டிகளும் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு மல்லாந்து கிடந்தன. அவள் மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ஆமாங்க ஐயா. உங்ககிட்ட பேசி யாரால ஜெயிக்க முடியும்?"

நீதி: எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்.