நாலு டயரும் பூரணி அக்காவும்

"இருக்கிறதிலேயே பெரிய டயரா நாலு மாட்டிரும்மா" என்றார் நல்லசிவம்.

தென்காசி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் புஷ்பத்துக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. ஆனால் அவள் சரி என்று சொல்லாமல் அந்த ஊரில் யாரும் டயர் மாற்றுவதில்லை.

"எதுக்கு அண்ணாச்சி?"

"தெருமுனை வேகத்தடையில காரோட அடிவயிறு தட்டுது."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மூன்று வாரம் வீடியோ பார்த்துப் பாதி இன்ஜினியர் ஆகியிருந்தார் மனுஷர். டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நாலு பக்கமும் அளந்து எழுதியிருந்தார்.

புஷ்பம் தாளைப் பார்க்கவில்லை.

"அளக்கும்போது உள்ள யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"தட்டும்போது?"

நல்லசிவம் தாளை மடித்தார்.

"அக்கா இருப்பா."

நாலு வருஷமாக அதுதான் வழக்கம். வேகத்தடை வந்ததும் வண்டியை நிறுத்துவார். "பூரணியக்கா, நீ மட்டும் கொஞ்சம் இறங்கிக்கோ." மனைவி இறங்க வேண்டாம், மகன் இறங்க வேண்டாம். அக்கா மட்டும் கனத்த உடம்போடும் முட்டுவலியோடும் இறங்கி, தெருவே பார்க்க நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வாள்.

தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் காரில் ஏறவே இல்லை. சண்டையும் போடவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்வந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நல்லசிவத்துக்கு வெட்கமாக இருந்தது.

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் புஷ்பம்.

"வரமாட்டாம்மா."

"அப்போ டயரும் மாத்த முடியாது."

வீட்டில் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்கு? எடை போடவா?"

"நீ இல்லாம அளந்தது தப்புன்னு அந்தப் பொண்ணு சொல்லுதாக்கா. எனக்கும் தப்புன்னுதான் படுது."

அக்கா அவரையே பார்த்தாள். கீரையை ஓரமாக வைத்துவிட்டுக் கம்பை எடுத்தாள். தெருமுனை வரைக்கும் நடந்தே போனாள். வேகத்தடையைத் தாண்டிய பிறகுதான் காரில் ஏறினாள்.

கடையில் புஷ்பம் அவளை இறங்க விடவில்லை.

"நீங்க உட்காருங்கக்கா. உங்களை வச்சுத்தான் வேலையே."

அக்காவை முன்சீட்டில் வைத்தே ஜாக்கியால் தூக்கி, நல்லசிவம் கேட்ட பெரிய டயரை முன்சக்கரத்தில் மாட்டி இறக்கினாள். தானும் கடை ஆள் ஒருவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

"இப்போ முழுசா திருப்புங்க."

ஸ்டியரிங்கைத் திருப்பினார். டயர் வளைவில் உரசி 'சர்ர்' என்றது.

புஷ்பம் இறங்கி அதைக் கழற்றினாள். வேறொன்றை உருட்டிவந்தாள். பழைய டயரின் அகலம்தான், உயரம் மட்டும் கொஞ்சம் கூட. மாட்டினாள், மறுபடி எல்லாரும் ஏறினார்கள், திருப்பினார். சத்தமே இல்லை. மற்ற மூன்றையும் அதே அளவில் மாற்றினாள்.

"அரை விரல்கூட உயரலையே" என்றார் நல்லசிவம்.

காற்று பிடிக்கும் குழாயை மாட்டிக்கொண்டே புஷ்பம் கேட்டாள்:

"இத்தனை நாளா எவ்வளவு காத்து வச்சிய?"

சொன்னார்.

"அது நீங்க ஒத்தையில போற காத்து அண்ணாச்சி."

கார்க் கதவோரம் ஒட்டியிருந்த காற்றளவு அட்டவணையைக் காட்டினாள். ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் தனியாகவே போட்டிருந்தது. நாலு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடியவர் அவர்தான்.

அவள் அந்த அளவுக்குக் காற்றை ஏற்றினாள்.

திரும்பும் வழியில் மனைவியையும் மகனையும் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டார். தெருமுனை வந்தது. அக்காவின் கை தானாகக் கதவுக்குப் போனது.

"உட்காருக்கா."

முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. அடியில் எதுவும் தட்டவில்லை.

கார் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நல்லசிவம் இன்ஜினை அணைக்கப் போனார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திருப்புலே. தெருமுனை வரைக்கும் இன்னொரு மட்டம் போயிட்டு வருவோம். இந்தத் தடவ மெதுவா ஓட்டு."