நீல எண் பதினேழு

சென்னை பெருங்குடியில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று. அங்கே வேலை பார்ப்பவள் செண்பகவல்லி. அவள் மாட்டிக்கொண்ட கதை இது. சின்ன விவரத்தையும் தள்ளிவிடாமல் கேளுங்கள். முடிவில் தீர்ப்பு உங்களிடம்தான் வரும்.

ஆய்வுக் கட்டுரையில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும் எண். திரையில் அதைத் தட்டினால் கடைசியிலுள்ள மேற்கோள் பட்டியலுக்குப் போக வேண்டும். அங்கே தட்டினால் மூலக் கட்டுரை இணையத்தில் திறக்க வேண்டும். அன்று காலையிலிருந்து எதுவும் திறக்கவில்லை. எண்கள் வர வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். அதைச் சரிசெய்தால், எதைத் தட்டினாலும் முதல் பக்கத்துக்கே ஓடியது. இணைப்புக்கான கட்டளையை மற்ற எல்லாவற்றுக்கும் கடைசியில் கொண்டுபோய் வைத்து, ஃபைலைத் திரும்பத் திரும்ப ஓட்டிய பிறகு, பிற்பகலில்தான் எண்கள் நீல நிறத்தில் உயிர் பெற்றன.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அந்த அலுவலகத்தில் சரிபார்ப்பது ஒரே விதம்தான். பக்கம் திறக்கிறதா? மூடு, அடுத்தது. யாரும் படிப்பதில்லை. பதினேழாவதை மூடப் போன கை நின்றது. மேலே சிவப்புப் பட்டை: 'இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.' காரணம் போடவில்லை.

தான் அமைத்த கட்டுரைக்குத் திரும்பினாள். குறைமாதக் குழந்தைகளுக்கு வலிப்பு மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்ற அட்டவணை. மிகமிக எடை குறைந்த குழந்தைக்கான அளவுக்குப் பதினேழுதான் ஆதாரம். வேறு ஆதாரமில்லை.

அவள் மகள் பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். அந்த வார்டுச் சுவரில் இப்படியொரு அட்டவணையை அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நர்ஸ் ஊசியில் மருந்தை இழுப்பார்.

எழுந்து பிரிவுத் தலைவர் கிருபாகரனிடம் போனாள்.

“சார், பதினேழு...”

“திறக்குதா?”

“திறக்குது சார். ஆனா அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்கிட்டாங்க.”

“திறந்தா நம்ம வேலை முடிஞ்சுதும்மா. சந்தேகம் வர்றவர் தட்டுவார். சிவப்புப் பட்டை அவர் கண்ணுலயும் படும். லிங்க் வேலை செய்யுதே, அதுவே எச்சரிக்கைதான். எழுதின டாக்டரே ஓகே பண்ணின ஃபைல். சாயங்காலத்துக்குள்ள அனுப்பு.” குரலைத் தாழ்த்தினார். “ஏற்கெனவே வாங்கின மெமோ போதாதா?”

அந்த மெமோ போன வருடத்தது. வேறொரு கட்டுரையில் தப்பு என்று நினைத்து ஓர் எண்ணை அவளாகவே திருத்திவிட்டாள். எண் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும். வீட்டுக்கு அவள் சம்பளம் மட்டும்தான்.

பக்கத்து இருக்கை ஃபெலிக்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா, லிங்கை உடைச்சு அனுப்பிடுங்க. திறக்காத லிங்க் இருந்தா பதிப்பகத்து மெஷினே ஃபைலைத் துப்பிடும். பழி மெஷின் மேல போயிடும்.”

“என்னன்னு சொல்லித் துப்பும்?”

“பதினேழு திறக்கலைன்னு சொல்லும். வேற என்ன, உங்க ஜாதகத்தையா சொல்லும்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனதில் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அந்த வரியின் ஓரத்தில், கட்டுரை எழுதிய மருத்துவருக்கு ஒரு கேள்வி வைப்பது: 'இந்த ஆதாரம் திரும்பப் பெறப்பட்டுள்ளது. இந்த அளவு சரிதானா?' பதில் வரும்வரை கட்டுரை நகராது. ஆனால் ஒப்புதல் வந்த ஃபைலில் கேள்வி வைக்கக் கூடாது என்பது அலுவலக விதி. வைத்தவர் பெயரும் தானாகவே கீழே பதிவாகும். அந்த இதழ் வெளிவருவதே தள்ளிப்போகும்.

அதை ஃபெலிக்ஸிடம் மெல்லச் சொன்னாள்.

“நீங்க என்ன டாக்டரா அக்கா?” என்றான் ஃபெலிக்ஸ். “அளவு சரியா இருந்துட்டா?”

அதுதான் அவளுக்கும் பயம். அளவு தப்பாக இருந்துவிட்டால் என்பது அதைவிடப் பெரிய பயம். திரைக்கு அப்பால் தன் கண்ணாடி அறையிலிருந்து கிருபாகரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே அனுப்புவதா, உடைத்து அனுப்புவதா, தன் பெயரில் கேள்வி வைப்பதா? இந்த மூன்றில் எது சரி? அளவு சரியாகவே இருந்தாலும் உங்கள் விடை அதுதானா?

விடை: கேள்வி வைப்பதுதான். கிருபாகரன் சொன்ன எச்சரிக்கை திரையில் தட்டுகிறவருக்கு மட்டும்தான். வார்டுச் சுவரில் ஒட்டிய தாளை யாரும் தட்ட முடியாது. உடைந்த லிங்கை யாரோ ஒருவர் ஒட்டவைத்து அனுப்பிவிடுவார். ஏன் உடைந்தது என்று கேட்க மாட்டார். போன வருடம் அவள் எண்ணைத் திருத்தினாள், அது தப்பு. இந்த முறை எண்ணைத் தொடவில்லை. பதில் சொல்ல வேண்டியவரிடம் கேட்டாள். ஆகவே அளவு சரியாக இருந்தாலும் விடை மாறாது. செண்பகவல்லி கேள்வியை வைத்தாள். மறுநாள் காலை அலுவலக வாசலில் அவள் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மருத்துவரின் பதில் பிறகு ஃபெலிக்ஸிடம்தான் வந்தது. ஃபோன் செய்தான். “அக்கா, அந்த வரியையே எடுத்துடச் சொல்லிட்டார். எடுத்துட்டேன். மத்ததெல்லாம் தட்டிப் பார்த்தேன், திறக்குது.” அவள் கேட்டாள்: “படிச்சியா?”