விழாத மூக்கு

மதுரையில் சவரிமுத்து என்கிற கோமாளியின் தகரப்பெட்டிக்குள் ஒரு சிவப்பு மூக்கு வசித்து வந்தது. ரப்பர் மூக்குதான். ஆனால் அதற்கு இருந்த ராங்கி இருக்கிறதே, அப்பப்பா, வைர மூக்குத்திக்குக்கூட அவ்வளவு இருக்காது!

"இருபத்திரண்டு வருஷ சர்க்கஸ். ஒரு தடவைகூட நான் விழுந்ததில்லை, தெரியுமில்ல?" என்று பக்கத்தில் கிடக்கும் பவுடர் டப்பாவிடமும் பூட்ஸ் ஜோடியிடமும் நாளைக்கு நாலு தடவை சொல்லும்.

அது வெறும் பீற்றல் இல்லை. அந்த சர்க்கஸ் கம்பெனியில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கோமாளி முகம் எழுதுவதை வெளியாள் பார்க்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவே மூக்கு கழன்று விழுந்துவிட்டால் அதோடு சரி. அபசகுனம் என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேறு மூக்கு வாங்குவார்கள்.

கம்பெனி ஒருநாள் கூடாரத்தைச் சுருட்டியது. கெட்டும் பட்டணம் சேர் என்பார்களே, சவரிமுத்துவும் பெட்டியோடு மதுரைக்கு வந்து பிறந்தநாள் விழாக்களில் ஆட ஆரம்பித்தார். கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எந்தப் புண்ணியவானோ சினிமாவில் கோமாளிக்குக் கூரான பல் வைத்து, கையில் கத்தியையும் கொடுத்துவிட்டான். அது செல்போன் செல்போனாகச் சுற்றியது. பிள்ளைகள் சவரிமுத்துவைக் கண்டாலே அலறின. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில், பிறந்தநாள் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு கேக் வெட்டவே வரவில்லை.

பெட்டிக்குள் ஒரே சண்டை.

"எல்லாம் உன்னாலதான்," என்றது மூக்கு, பவுடர் டப்பாவிடம். "பேய் மாதிரி வெள்ளையடிச்சா பிள்ளைங்க பயப்படாம என்ன செய்யும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றது டப்பா. "முகத்துக்கு நடுவுல ரத்தக்கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது யாராம்?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றது பூட்ஸ். "அவர் போன்ல பேசினதைக் கேட்டேன். இன்னைக்கும் ஒரு பிள்ளை அழுதா, நாளையிலிருந்து வாட்ச்மேன் வேலைக்குப் போறாராம். நாமெல்லாம் பழைய சாமான் கடைக்கு."

மூக்குக்கு வயிறு கலங்கியது. மூக்குக்கு ஏது வயிறு என்று கேட்காதீர்கள், கலங்கியது.

அன்றைக்கு கே.கே. நகரில் ஒரு பிளாட்டில் விழா. சவரிமுத்து பழைய கட்டுப்பாட்டை விடாமல், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வேஷம் போட்டார். மூக்கும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து கூடத்துக்கு வந்ததுதான் தாமதம், ஆறு வயசு நிறைந்த தன்ஷிகா வீல் என்று கத்தினாள்.

"அம்மா, கொல்ல வந்திருக்கும்மா!"

மற்ற பிள்ளைகளும் சுவரோரம் ஓடி ஒண்டின. தன்ஷிகாவின் அம்மா தர்மசங்கடத்தோடு வந்தாள்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களா?"

"பரவாயில்லம்மா. நான் கிளம்பிடறேன்."

குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கின் ஓரத்தில் ஏதோ சூடாக வழிந்தது. அடப்பாவமே, மனுஷன் அழுகிறாரே! மூக்குக்குத் துக்கம் தாங்கவில்லை.

"இவர் அழறது அந்தப் பிள்ளைக்குத் தெரியலையே," என்றது. "என்னைத்தானே வெறிச்சுப் பார்க்குது. நான் விழப்போறேன்."

"பைத்தியமா உனக்கு?" என்று கன்னத்திலிருந்த பவுடர் பதறியது. "குப்பைக்கூடைக்குப் போயிடுவே!"

"தெரியும்," என்றது மூக்கு. பிடியை விட்டது.

டொப்பென்று விழுந்து, இரண்டு தடவை எம்பி, உருண்டு, தன்ஷிகாவின் காலடியில் போய் நின்றது. சவரிமுத்து மானம் போனது போல இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆனால் விரலிடுக்கில் அவருடைய சொந்த மூக்கு தெரிந்தது. உருளைக்கிழங்கு மாதிரி, வேர்த்து, ஒழுகிக்கொண்டு.

தன்ஷிகா கத்தலை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அங்கிள், உங்களுக்கு சளியா?"

"ஆமா பாப்பா," என்றார் சவரிமுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கொஞ்சம் சளி."

"அம்மா, அங்கிளுக்குத் தைலம் குடு. எனக்குத் தடவுவியே, அது."

தைலம் வந்தது. அவளே தன் விரலால் அவர் மூக்கில் அப்பினாள். அப்புறம் கீழே கிடந்த சிவப்பு மூக்கை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, மாட்டிக்கோங்க."

சவரிமுத்து தயங்கினார். விழுந்த மூக்கு. இருபத்திரண்டு வருஷக் கட்டுப்பாடு. நீட்டிய கையைப் பார்த்தார். வாங்கி ஒட்டிக்கொண்டார்.

தைலத்தின் காரம் சும்மா விடுமா? அச்சென்று ஒரு தும்மல். மூக்கு பறந்துபோய் கேக் மேஜைக்குப் பக்கத்தில் விழுந்தது. தன்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். சுவரோரம் ஒண்டியிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன.

"அங்கிள், இன்னொரு தடவை தும்முங்க!"

அன்று பொழுது சாய்வதற்குள் மூக்கு பதினேழு தடவை விழுந்தது. பதினேழு தடவையும், அதை யார் எடுத்துக் கொடுப்பது என்று பிள்ளைகளுக்குள் அடிதடி.